தாய்-சேய் நலத்தில் தந்தையின் பங்கு

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டது. 2017-இல் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை போன்ற திட்டங்கள் யாவும் தாயையும் சேயையும் நோக்கியே வகுக்கப்பட்டவை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பிறக்கவிருக்கும் குழந்தையின் தந்தை, மருத்துவமனை வாயிலிலேயே பெரும்பாலும் நின்று விடுகிறார். அவருடைய பழக்கவழக்கங்கள் குழந்தையைத் தொடாதவை அல்ல.

1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலும், அதிலிருந்து 2022 ஏப்ரலில் தனியே பிரிந்த திருப்பதி மாவட்டத்திலும் தெலுங்கும் தமிழும் கலந்தே வழங்குகின்றன. மனைவி கருவுற்றிருக்கையில் கணவன் முடி களையலாகாது, கடலில் நீராடலாகாது, பிணம் சுமக்கலாகாது என்ற வழக்கம் இரு மொழியினரிடமும் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் முடி காணிக்கை செலுத்தும் வட்டாரத்தில் இவ்விலக்கு சிறியதன்று. எருகலப் பழங்குடியினரிடையே, மனைவிக்குப் பேறுகால வலி கண்டவுடன் கணவன் அவளது ஆடையை உடுத்திக்கொண்டு இருட்டறையில் படுத்துக்கொள்ளும் வழக்கம் முன்னாளில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகள் பதிவு செய்துள்ளன. இவற்றுக்கு மருத்துவ ஆதாரம் ஏதும் இல்லை. எனினும், கருக்காலத்தில் தந்தைக்கும் ஒரு நோன்பு உண்டு என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. நோன்பின் பொருளை மாற்றினால் போதும்.

முதலில் விடவேண்டியது புகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 38 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகின்றனர். பெண்களில் சுமார் 9 விழுக்காட்டினரே. ஆகவே, கருவுற்ற பெண்ணைப் பெரும்பாலும் சூழ்வது பிறர் விடும் புகையே. பீடி, சிகரெட்டுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அதே ஆய்வின்படி கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரும்புச்சத்து மாத்திரையை ஒருபுறம் கொடுத்துவிட்டு, மறுபுறம் அதே வீட்டில் புகையையும் அனுமதிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதற்கு இப்புகையும் ஒரு காரணமாகும்.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் வீட்டு வாசலோடு நின்று விடுகிறது. திருமலையில் புகைக்கு இடமில்லை என்பதால் தரிசனத்திற்குச் செல்பவர் பீடிக்கட்டை அடிவாரத்திலேயே விட்டுச் செல்கிறார். ஒரு நாள் முடிந்தது, பத்து மாதங்கள் முடியாதா என்று சுகாதாரப் பணியாளர் அவரிடம் கேட்கலாம். கருவுற்ற பெண்ணின் கணவரையும் புகை விடும் முயற்சியில் ஈடுபடுத்த வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்துள்ளது.

தந்தையின் கடமை கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆகின்றன. அக்காலத்தில் புகை, மிகுந்த மது, கடும் வெப்பம், சில இரசாயனங்கள் ஆகியவை அதைக் கெடுக்கக்கூடும். 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லி மருந்தைத் தயாரித்த தொழிலாளர் பலரிடம் விந்தணுக் குறைவு கண்டறியப்பட்டது. எல்லாப் பூச்சிமருந்துகளும் அத்தகையவை அல்ல. ஆயினும் தோத்தாபுரி மாந்தோப்புகள் நிறைந்த சித்தூர் வட்டாரத்தில், பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கையுறையும் முகமூடியும் அணிதல், வேலை முடிந்ததும் குளித்தல் ஆகியவை அவரைக் காக்கும். நனைந்த சட்டையைத் துவைப்பவள் பெரும்பாலும் மனைவியே. அவள் கருவுற்றிருக்கையில் அவ்வுடையைக் கணவரே தனியாக அலசுவது நல்லது.

பரிசோதனைகளும் இருவருக்கும் உரியவை. மேகநோய்க்கு மனைவிக்கு மட்டும் பெனிசிலின் செலுத்தி, கணவரைப் பரிசோதிக்காமல் விட்டால் நோய் மீண்டும் தொற்றும். மனைவியின் இரத்தம் ஆர்.எச். நெகடிவ் எனில் கணவரின் இரத்த வகை தெரிந்திருப்பது அவசியம்.

மதுவைப் பொறுத்தவரை அதன் கேடு உடலோடு நிற்பதில்லை. கூலியில் கடைக்குப் போகும் பங்கு முட்டைக்கும் பாலுக்கும் உரிய பங்கேயாகும்.

இவ்வளவுக்கும் தந்தைக்கு நேரம் வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1997 முதல் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பேற்றுக்கு 15 நாட்களுக்கு முன்போ, பேற்றுக்குப் பின் ஆறு மாதங்களுக்குள்ளோ அதை எடுக்கலாம். தோப்பில் நாட்கூலி பெறுபவருக்கு அது இல்லை. 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் நாள் நடைபெறும் கருவுற்றோர் பரிசோதனைக்கு மனைவியுடன் வந்தால் அவர் அன்றைய கூலியை இழப்பார். அவரை அங்கே எதிர்பார்ப்பதைவிட, ஆஷா பணியாளர் வீட்டுக்குச் செல்லும் நேரத்தை மாலைக்கு மாற்றி, கணவர் இருக்கும்போது புகை, மது, தொழில் பற்றி மூன்று கேள்விகள் கேட்பது செலவில்லாத வழியாகும். புகையிலையை விட விரும்புவோருக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் (1800-11-2356) அப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.