இன்வேட்டரில் மீற்றர் 180 காட்டினால்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரை நாடே தேடியது. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகத் தேசிய மின்வலை எட்டாதிருந்த வன்னியின் மல்லாவிக்குப் பற்றரி மின்சாரம் புதிதல்ல. ஆனாலும் அங்கும் மற்ற ஊர்களிலும் ஒரு நம்பிக்கை உண்டு: வீட்டுப் பிளக்கில் 230 காட்டும் மீற்றர் எதிலும் சரியாகவே காட்டும், இன்வேட்டரில் அது 180 காட்டினால் பழுது இன்வேட்டரில்தான். இது தவறு. மலிவான மீற்றர் அலையின் சராசரியை எடுத்து 1.11 ஆல் பெருக்குகிறது. அந்தப் பெருக்கம் சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். மலிவு இன்வேட்டர் தருவதோ படிக்கட்டு அலை. அதன் உச்சம் 325 வோல்ற், பாதி நேரம் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், பல்பைச் சூடாக்கும் உண்மையான அளவு, அதாவது வர்க்க இடை மூலம், 230 தான். சராசரி மீற்றர் அதையே 180 என்கிறது. அதை நம்பி இன்வேட்டரின் உள்ளே திருகி மீற்றரில் 230 ஆக்கினால் உண்மை அளவு 293ஐயும் உச்சம் 414ஐயும் தொடும். பல பவர் சப்ளைகளின் முதல் கப்பாசிற்றர் 400 வோல்றுக்கு மட்டுமே தாங்கும்.

வீட்டு மின்சாரம் சைன் அலைதானே, மலிவு மீற்றர் போதாதா என்று கேட்கலாம். வோல்ற் பார்க்கப் போதும். ஆனால் எல்.ஈ.டி. பல்பும் கணினியும் பெரும்பாலும் அலையின் உச்சியில் மட்டுமே மின்னோட்டத்தை இழுக்கும். அங்கே சராசரி பார்க்கும் கிளாம்ப் மீற்றர் குறைத்துக் காட்டும்; வயர் சூடாவதோ உண்மையான அளவுக்கு.

அப்படியானால் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’, அதாவது உண்மையான வர்க்க இடை மூலம், என்று எழுதிய மீற்றரை வாங்கினால் எல்லாம் சரியா? அதுவும் அரை உண்மைதான். அந்த எழுத்துக்கு எல்லை உண்டு. உச்சத்துக்கும் உண்மை அளவுக்கும் உள்ள விகிதம் எவ்வளவுவரை தாங்கும், எத்தனை ஹேர்ட்ஸ்வரை அளக்கும் என்பதைக் கையேட்டில் பார்த்தே வாங்கவேண்டும். பம்பின் வேகத்தை மாற்றும் டிரைவின் வெளியீட்டில் இந்த இரண்டாவது எண் மிக முக்கியம். இன்னொன்று, பல ட்ரூ ஆர்.எம்.எஸ். மீற்றர்கள் ஏ.சி. நிலையில் டி.சி. பகுதியைக் கழித்துவிடும். 230 வோல்றை ஒரு டயோட்டினூடாக விட்டால் அவை 125 தான் காட்டும், டி.சி. நிலையில் 104. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால்தான் உண்மையான 163 வரும்.