பன்னிரண்டாவது பாட்டு

கச்சேரியில் மங்களம் தொடங்கியதுமே எழுந்து செருப்பைத் தேடும் ரசிகர்களை நாம் பார்த்திருக்கிறோம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ என்னும் தொகுப்பைப் பொறுத்த அளவில் நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். அதில் பாட்டுகள் பன்னிரண்டு. பதினொன்றாவது முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அந்தப் பதினொன்றாவது பாட்டு ஏழு நிமிடங்களுக்கு மேல் நீள்வது. லேடி காகா உடன் பாட, ஸ்டீவி வொண்டர் பியானோ வாசிக்க, அடங்குவது போல் அடங்கி மறுபடியும் பொங்கி எழுவது. அதற்குப் பின்னர் வரும் ‘ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்’ மூன்று நிமிடங்கூட ஓடுவதில்லை. விருந்து முடிந்தபின் பரிமாறிய வெற்றிலை போலும் என்று எண்ணி விட்டுவிட்டேன்.

விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் நண்பர் இன்னும் ஒருபடி மேலே போனார். “ஒத்திகையில் மிஞ்சியதை எடுத்து ஒட்டவைத்திருக்கிறார்கள்” என்றார். தாளக் கருவி இல்லாத இடத்தில் தமக்கு வேலையில்லை என்பது அவருடைய கட்சி.

பத்திரிகைகளும் அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது வேறு செய்திகளையே பெரிதாக எழுதின. 2005க்குப் பிறகு இக்குழுவினர் தாமே இயற்றிய புதுப் பாட்டுகளோடு வெளியிட்ட முதல் தொகுப்பு அது. 2021இல் மறைந்த சார்லி வாட்ஸ் முன்னமே வாசித்து வைத்திருந்த டிரம் இரண்டு பாட்டுகளில் ஒலிக்கிறது. பால் மக்கார்ட்னியும் எல்டன் ஜானும் விருந்தினராக வந்து வாசித்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டமும் கலைந்து போன பிறகு, கடைசிப் பாட்டில் இருவர் மட்டும் எஞ்சி நிற்கின்றனர். கீத் ரிச்சர்ட்ஸ் கிதார் வாசிக்கிறார். மிக் ஜாகர் பாடி, மௌத் ஆர்கன் ஊதுகிறார். டிரம் இல்லை, பாஸ் கிதாரும் இல்லை.

அப்பாட்டு அவர்கள் இயற்றியதன்று. மடி வாட்டர்ஸ் என்று பெயர் பெற்ற மக்கின்லி மார்கன்ஃபீல்ட் 1950இல் சிகாகோ நகரில் செஸ் நிறுவனத்துக்காகப் பாடியது அது. அவர் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் உழைத்தவர். 1941இல் நாட்டுப் பாடல்களைத் திரட்டிய ஆலன் லோமாக்ஸ் அப்பண்ணைக்கே சென்று அவர் குரலைப் பதிவு செய்தார். 1943இல் பிழைப்புத் தேடிச் சிகாகோவுக்குப் போனார். அவர் பாட்டுக்கும் மூலம் ஒன்று உண்டு. மிசிசிப்பிக் கரையில் பலரும் பாடிவந்த ஒரு கெளுத்தி மீன் பாட்டின் வழியில் வந்தது அது.

இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் 1961இல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எதிர்ப்பட்டபோது ஜாகரின் கையில் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டு ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு, குழுவின் பெயர் என்ன என்று ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் கேட்க, பிரையன் ஜோன்ஸ் கீழே கிடந்த மடி வாட்டர்ஸ் இசைத்தட்டின் உறையைப் பார்த்து இப்பாட்டின் பெயரையே சொல்லிவிட்டார் என்பர். பெயர் அப்படி நிலைத்தது. ஆயினும் 61 ஆண்டுகளாகத் தங்கள் தொகுப்பு எதிலும் இப்பாட்டை அவர்கள் சேர்க்கவில்லை. பழைய ப்ளூஸ் பாட்டுகளை மட்டுமே கொண்டு 2016இல் ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதிலும் இது இல்லை.

இனி, பாட்டைக் கேட்கும் முறைக்கு வருவோம். ப்ளூஸ் பாட்டு பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவுகளுக்குள் மூன்று சுரக்கட்டுகளைச் சுற்றி வரும். எங்கே மாறும் என்று காது முன்கூட்டியே அறியும். இப்பாட்டிலோ அந்த மாற்றம் வருவதில்லை. ஒரே சுரக்கட்டின் மேல் பாட்டு முழுவதும் நிற்கிறது. தம்புராவின் ஒலியில் வளர்ந்த காதுகளுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் மாற்றத்துக்குக் காத்திருப்பவர்க்கு, ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றும். நடப்பதெல்லாம் குரலுக்கும் கிதாருக்கும் நடுவில்தான். குரல் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறது. கிதார் கீழ்த் தந்திகளில் அதற்கு விடை சொல்கிறது. அடியை நீட்டுவதும் குறுக்குவதும் பாடுபவர் விருப்பம். கிதார் பொறுத்திருந்து வாங்கிக்கொள்கிறது. விருத்தம் பாடும்போது வயலின் பின்தொடர்ந்து வருமே, அதை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்புமையை மிகவும் இழுக்கக் கூடாது. விருத்தத்தில் தாளம் இல்லை. இங்கோ கால் தட்டும் அளவுக்கு ஓர் அசைவு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

மௌத் ஆர்கன் ஜாகர் சேர்த்தது. 1950ஆம் ஆண்டுப் பதிவில் ஒரு குரலும் மின்சாரக் கிதாரும் தவிர வேறு எதுவும் இல்லை.

ஜாகரின் குரலைப் பற்றி மழுப்ப நான் விரும்பவில்லை. மடி வாட்டர்ஸ் அவசரமின்றி, அடித்தொண்டையில் பாடும்போது கேட்பவர்க்குச் சற்று அச்சமே தோன்றும். ஜாகர் சொற்களை இழுத்து வளைத்து நடிக்கிறார். சில இடங்களில் அது வேடமாகவே படுகிறது. ஆயினும் ஓர் இடத்தில் அக்குறை மறைந்துபோகிறது. தாய் ஒருத்தி, தன் வயிற்றிலுள்ள பிள்ளை ஓரிடத்தில் தங்காமல் உருண்டு திரிவான் என்று கணவனிடம் சொல்லும் கட்டம் அது. மடி வாட்டர்ஸ் அதை நாற்பது வயதுக்கு முன் பாடினார். தொகுப்பு வெளிவந்தபோது ஜாகருக்கு வயது எண்பது. பிறக்கப் போகும் பிள்ளையைப் பற்றி அவ்வளவு தேய்ந்த குரல் ஒன்று பாடக் கேட்கையில், அது முன்னறிவிப்பாக இல்லை. நடந்து முடிந்த கதையாக இருக்கிறது.

“தங்கள் பெயரைத் தாங்களே பாடிக்கொள்வது தற்பெருமை அல்லவா?” என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் இதைக் கடன் தீர்ப்பதாகவே கொள்கிறேன். 1981இல் சிகாகோவில் ஒரு சிறு மதுக்கூடத்தில் இவர்கள் மடி வாட்டர்ஸோடு ஒரே மேடையில் வாசித்தார்கள். 1983இல் அவர் மறைந்தார். நன்றியை அவர் காது கேட்கச் சொல்லும் காலம் போய்விட்டது. காலங்கடந்து சொல்ல நேர்ந்தபோது, டிரம்மும் விருந்தினரும் இல்லாமல் சொன்னார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை வாயால் வாதிட்டுப் பயனில்லை என்று கண்டு, ஒருநாள் இரவு நண்பரை உட்காரவைத்து இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டேன். 1950ஆம் ஆண்டினது முதலில், 2023ஆம் ஆண்டினது பிறகு. முதலாவது ஓடியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது முடிந்ததும், “அந்தப் பழையதை இன்னொரு முறை போடு” என்றார்.