பாசிகளில் மாஸ் இனமும் அதன் உறைவிடங்களும்

குளத்தில் மிதக்கும் பச்சை நூலையும், கிணற்றுச் சுவரில் படர்ந்த மெத்தையையும், மரப்பட்டையில் ஒட்டிய சாம்பல் நிறப் பற்றையும் நாம் பாசி என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. குளத்து நூற்பாசிக்கு வேர், தண்டு, இலை என்னும் பாகுபாடே இல்லை. வேலம்பாசியோ பூக்கும் செடி. மரத்துச் சாம்பற் பற்று, பூஞ்சணமும் பாசியும் கூடி வாழும் லைக்கன் என்பதாம். சுவரிலும் பாறையிலும் மெத்தைபோற் படர்வதே தாவர சாஸ்திரிகள் மாஸ் என்னும் இனம். இவற்றுள் எதுவென்று பாராமல் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவது வீண் செலவு. குளமாயின், அளவு மிஞ்சினால் மீனுக்கும் கேடு.

மாஸுக்குச் சிறு தண்டும் இலையும் உண்டு. மெய்யான வேர் இல்லை. மயிர்போன்ற இழைகளால் இடத்தைப் பற்றி நிற்கும். இலை பெரும்பாலும் ஓர் உயிரணுக் கனமே யுள்ளதாகையால், மழையையும் பனியையும் உடல் முழுவதாலும் உறிஞ்சும். வறண்டால் சுருண்டு நிறம் மங்கிக் கிடக்கும். நனைந்தவுடன் விரிந்து பசுமையாகும். இதற்குப் பூவும் விதையும் இல்லை. ஆணணு ஜலத்தில் நீந்திச் சென்றே பெண்ணணுவை அடைய வேண்டும். பின்னர்க் கம்பிபோன்ற காம்பின் நுனியில் ஒரு சிமிழ் உண்டாகி, மூடி கழன்று, தூள்போன்ற வித்துக்களைக் காற்றில் விடும். உலகில் ஏறக்குறைய 12,000 வகைகள் உள.

சமவெளியிற் செங்கற் சுவரிலும் காரைப்பூச்சிலும் காண்பது பெரும்பாலும் ஹையோபிலா. காய்ந்தால் இதன் இலையோரங்கள் உட்புறம் சுருளும். வெள்ளி பூசினாற்போல் மினுங்குவது பிரையம் வகையுள் ஒன்று. இவை கிராம அதிகாரிகளுக்கு ஒரு காரியத்தில் உதவும். பங்குனி, சித்திரையில் மழையின்றி எங்கும் மாஸ் கறுத்துக் கிடக்கையில், மதகின் வெளிச்சுவரிலோ கலிங்கின் கட்டிலோ ஓரிடத்தில் மட்டும் பசுமையாயிருந்தால், அங்கே ஜலம் கசிகிறதா வென்று உடனே சோதித்தல் வேண்டும். மழைக்காலத்துப் பசுமை இதற்குச் சான்றாகாது. மாஸைச் சுரண்டி வெள்ளையடித்து விடுவோரும் உளர். அடையாளம் போகுமேயன்றிக் கசிவு நிற்காது.

தீப்பட்ட நிலத்திலும் கரிசுட்ட இடத்திலும் முதலில் முளைப்பனவற்றுள் பியூனேரியா ஒன்று. காற்றின் ஈரத்துக்கேற்ப இதன் காம்பு முறுக்கியும் அவிழ்ந்தும் ஆடுவது பார்க்கத் தக்கது. நீலகிரியின் பாதையோர மண்வெட்டுக்களில் சிறு தேவதாரு நாற்றுப்போல் நிமிர்ந்து நிற்பது போகோனேட்டம். வெட்டுமுகத்து மண்ணை மழைத்துளி நேரே தாக்காமல் இது மூடிக்காக்கும். சோலைக்காடுகளில் கிளைதோறும் தாடிபோல் தொங்குவன மூடுபனியின் துளிகளைப் பிடித்து மெல்லச் சொட்டவிடும். சதுப்பிலும் ஈரப்பாறையிலும் வாழும் ஸ்பாக்னம் தன் உலர்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை ஜலம் கொள்ளும். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பிரிட்டனில் இதைப் புண்கட்டும் பஞ்சுக்குப் பதிலாக உபயோகித்தனர்.

மாஸ் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறதென்பது தவறு. புல்லுருவிபோல் அது பட்டைக்குள் வேர் செலுத்துவதில்லை. ஆகையால் நிழல் மரங்களில் உள்ளதை விட்டுவிடலாம். அராபிகா காப்பிச் செடியின் தண்டுமட்டும் விலக்கு. தண்டு துளைக்கும் வண்டு பட்டை வெடிப்புக்களில் முட்டையிடுமாகையால், தளர்ந்த பட்டையைத் தென்னைநார்க் கையுறையால் காயமின்றித் தேய்த்தெடுப்பர். அதனோடு மாஸும் போகும்.

மாதுளை, எலுமிச்சை முதலியவற்றில் விண்பதியம் போடுவோர் மலையிலிருந்து மாஸ் வருவிப்பது வழக்கம். மரத்தினின்று உரித்த மெத்தை மீண்டும் படரப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குப் பதில், ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவைப் பட்டை நீக்கிய இடத்தில் ஒரு பிடி வைத்து, பாலிதீன் தாளால் இறுகச் சுற்றி, இரு முனைகளையும் கட்டலாம்.