தியான நூலும் தாத்பரிய நிர்ணயமும்

கிறிஸ்தவ இறையியல் கல்வியில் பெங்களூரு நகருக்குத் தனி இடம் உண்டு. ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-இல் இங்கே தொடங்கப்பெற்றது. விவிலியம், மறைக்கல்வி, வழிபாடு ஆகியவற்றுக்கான கத்தோலிக்கத் திருச்சபையின் தேசிய மையத்தை 1967-இல் இந்நகரில் உருவாக்கியவர் அமலோர்பவதாஸ் அடிகளார் என்னும் தமிழர். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமும் இங்குதான் உள்ளது. ஆயினும், வாரம் ஒருநாள் மாலையில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எந்தத் தியான நூலைப் படிக்க வேண்டும் என்பதை இந்த நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விற்பனை. ‘அடுத்த சபையில் இதைத்தான் படிக்கிறார்களாம்’ என்ற பேச்சு மீதியைச் செய்து முடிக்கிறது.

இவ்வகை நூல்களில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்கப் போதகர் ரிக் வாரன் 2002-இல் வெளியிட்ட ‘தி பர்ப்பஸ் டிரிவன் லைஃப்’. நாற்பது நாட்களுக்கு நாற்பது அத்தியாயங்கள் கொண்டது. எளிய நடை, குழுவாகப் படிக்க வசதியான அமைப்பு. ஆனால் அதில் வரும் வேதாகம மேற்கோள்கள் ஏறத்தாழ பதினைந்து ஆங்கில மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சொல்ல வந்த கருத்துக்கு எந்த மொழிபெயர்ப்பு இசைகிறதோ அது அந்த இடத்தில் வந்து நிற்கிறது. ஒரே வசனத்தின் பொருளைப் பல கோணங்களில் காண இது உதவும் என்பது வாரனின் விளக்கம். இத்தகைய நூல் தமிழுக்கு வரும்போதுதான் இதிலுள்ள சிக்கல் புலப்படும். தமிழ்ச் சபைகளில் பெரிதும் வழங்குவது 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. ஆங்கில நூலின் வாதம் எந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிறதோ, அந்தச் சொல் தமிழ் வசனத்தில் இல்லாமலே போகலாம். தூணை எடுத்த பின்னும் கூரை நின்றால், அது அந்தத் தூணின்மேல் நிற்கவில்லை என்றே பொருள். ஒரு தியான நூலைச் சோதிக்க, அதன் மேற்கோள்களை வேறொரு மொழிபெயர்ப்பில் வைத்துப் படித்துப் பார்ப்பதைக் காட்டிலும் எளிய வழி இல்லை.

நூலின் பொருளைத் தீர்மானிக்க நம் மீமாம்சகர்கள் ஆறு அடையாளங்களைக் கூறினர்: தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், திரும்பத் திரும்பக் கூறல், புதுமை, பயன், புகழ்ச்சியுரை, யுக்தி. உபநிஷத வாக்கியங்களுக்கு ஆசாரியர்கள் கையாண்ட அதே முறையை எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன் 11-ஆம் வசனம், ஆண்டவர் தம் மக்களுக்கு நன்மையான எதிர்காலத்தையே எண்ணியிருக்கிறார் என்பது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் தியான நூல்களிலும் அது தனியே நின்று, வேலை கிடைக்கும், நோய் நீங்கும் என்ற பொருளைப் பெற்றுவிடுகிறது. ஆனால் அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன ஒரு கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் நலனை நாடுங்கள் என்று அது தொடங்குகிறது. விரைவில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டும் பொய்த் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்பதையே மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறது. மீட்பு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் காணமாட்டார்கள். அவசரமான ஆறுதலை மறுப்பதற்காக எழுதப்பட்ட கடிதத்திலிருந்தே அவசர ஆறுதல் எடுக்கப்படுகிறது!

இது ஏட்டுப் பிழை அன்று. மகனின் நோய்க்காக அந்த வசனத்தைப் பற்றிக்கொண்ட தாய், நோய் தீராதபோது தன் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணத் தொடங்குவாள். குழுவில் அதைச் சொல்லவும் கூசுவாள்.

இக்குறை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகத்தின் முற்பாதி நம் நாட்காட்டிகளில் எத்தனை முறை அச்சாகியிருக்கிறது! செயலின்மையிலும் பற்று வைக்காதே என்னும் அதன் இறுதிப் பகுதியை அச்சிட்டோர் மிகச் சிலரே.

வேறொரு வகைச் சிக்கலை 2004-இல் வந்த ‘ஜீசஸ் காலிங்’ எழுப்பியது. கோடிக்கணக்கில் விற்ற அந்நூலில் சாரா யங், இயேசுவே வாசகரிடம் தன்மையில் பேசுவதுபோல் எழுதினார். அது நடை உத்தியா, நூலாசிரியர் பெற்ற செய்தியா என்ற கேள்வி எழுந்தது. பிற்பதிப்புகளில் முன்னுரையின் சொற்கள் மாற்றப்பட்டன. அவர் 2023-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, அவர் சார்ந்திருந்த அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பேரவை அந்நூலை ஆராயும்படி தன் குழுக்களைக் கேட்டுக்கொண்டது. நம் மரபில் சுருதி வேறு, சாதகரின் அனுபவம் வேறு. அனுபவம் எவ்வளவு உயர்ந்ததாயினும் சுருதியின் இடத்தில் அது அமர்வதில்லை. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஞானி சிலுவையின் புனித யோவானும் இத்தகைய உட்குரல்களை விரும்பித் தேடலாகாது என்றே எச்சரித்தார். அந்த நூலால் ஆறுதல் பெற்றவர்கள் பலர் என்பது உண்மையே. ஆனால் ‘நான்’ என்று இறைவன் பேசும் பக்கத்தை எந்தக் குழு கேள்வி கேட்கும்? கூடிப் படிப்பதன் பயனே கேள்வி கேட்பதில் அல்லவா இருக்கிறது?

அத்தியாய முடிவில் வரும் வினாக்களையும் பார்க்க வேண்டும். விடை முந்தின பத்தியிலேயே இருந்தால் அது பள்ளிப் பயிற்சி. மூல நூலைத் திறக்காமல் விடை சொல்ல முடியாத வினாவே குழுவுக்கு உரியது.

சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜகராகச் சுற்றியபோது கீதையோடு உடன் கொண்டுசென்ற நூல் ‘இமிடேஷன் ஆஃப் கிறைஸ்ட்’. 1889-இல் அதன் முதற்பகுதியின் முதல் ஆறு அத்தியாயங்களை ஒரு வங்காள மாத இதழுக்காக மொழிபெயர்த்தார். முன்னுரை எழுதியதோடு நில்லாமல், கீதை முதலிய இந்து நூல்களின் இணையான வாக்கியங்களையும் குறிப்புகளாகத் தந்தார். பாராட்டி மட்டும் ஒதுங்கவில்லை. வரிவரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அம்முறைக்கு நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்னும் வேகம் ஒத்துவராது. நாற்பது நாள் நூலை எடுக்கும் குழு, நாற்பது வாரம் ஒதுக்கலாம்.