முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

கேள்வி: என் அப்பா 1993-இல் வாங்கிய கான்டெஸா கிளாசிக் (1.8 பெட்ரோல்) 2016 முதல் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. சென்ற ஆண்டு அப்பா தவறிவிட்டார். விற்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வேலை பார்த்து ஓட்டிவிடலாம் என்று இறங்கினேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, வீட்டில் கிடந்த பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்து கம்ப்ரெஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் 128, 131, 126, 129 என்று வந்தது. “புத்தகத்தில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு, இன்ஜின் போச்சு, காயலான் கடையில் போடுங்கள்” என்கிறார். நண்பர்களோ, “இது இந்தியாவின் மசில் கார், பெரிய வி8 இன்ஜின் போடு” என்கிறார்கள். டிரைவர் பக்கத் தரைத்தகட்டில் ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. ஆர்.சி. 2018-இலேயே முடிந்துவிட்டது, பழைய வண்டி என்று பிடித்துப்போய் நசுக்கிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். எத்தனால் பெட்ரோலை இது தாங்குமா? டேஷ்போர்டில் அப்பா சர்வீஸ் விவரம் எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நானே பிரித்து அவர் வண்டியைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— ஆர்.எஸ்., அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புள்ள ஆர்.எஸ்., முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு எண்களை வைத்து இன்ஜின் போய்விட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு அவை நல்ல செய்தியாகவே தெரிகின்றன. ஏன் என்று சொல்கிறேன்.

கம்ப்ரெஷன் (பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்ற அளவு) பார்க்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். உங்களுக்கு அதிகம் 131, குறைவு 126, இடைவெளி ஐந்துதான். வால்வு எரிந்திருந்தாலோ, ரிங் உடைந்திருந்தாலோ ஏதாவது ஒரு சிலிண்டர் தனியாகப் படுத்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து படுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) மீது சந்தேகம் வரும். நான்கும் ஒரே சீராகக் குறைந்திருந்தால், அளந்த விதத்தையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

நீங்கள் இருக்கும் ஊரையும் மறக்கக் கூடாது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே போகும் காற்றே குறைவு என்றால் இறுகிய பிறகு வரும் எண்ணும் குறையத்தானே செய்யும்? புத்தகத்து எண் கடல்மட்டத்துக்கானது. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மிச்சமிருக்கும் குறைக்குக் காரணம் தளர்ந்த பேட்டரியாக இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காமல் அளந்ததாக இருக்கலாம். இத்தனை வருடம் நின்றதில் ரிங்குகளைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோனதாகவும் இருக்கலாம்.

ஒரு காரியத்துக்கு மட்டும் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்கிறேன். வருடக்கணக்கில் நின்ற இன்ஜினை நேராக செல்ஃப் அடிக்கக் கூடாது. காய்ந்த சிலிண்டரில் ரிங்குகள் உரசும், சுவரில் துரு இருந்தால் கீறும். இந்த முறை தப்பித்துவிட்டீர்கள். இனி கீழே சொல்வதை முடிக்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் மெல்லத் திருப்புங்கள். முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். தாராளமாகச் சுற்றினால், நல்ல பேட்டரி மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மறுபடி அளவெடுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இரண்டுமே லேத் பட்டறையில் தீரும் வியாதிகள்தாம்.

அடுத்து, அம்மாவின் பயம். தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் போடப்பட்ட தடையைச் செய்தியில் பார்த்திருப்பார். அந்தத் தடை அந்த வட்டாரத்துக்கானது. கர்நாடகத்தில் வயதை மட்டும் காரணம் காட்டி வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியை யாரும் இழுத்துப்போவதில்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் படிவம் 25. உரிமையாளர் காலமானதால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறந்த மூன்று மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டியது; தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம், உடன்பிறந்தோர் இருந்தால் அவர்கள் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பதிவும் காப்பீடும் உயிரோடு வரும்வரை வண்டி தெருவில் ஓடக் கூடாது. ஆய்வுக்குக்கூட டோயிங் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள்.

‘வின்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். 2021-இல் வந்த அந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. உங்கள் கான்டெஸாவுக்கு அந்தத் தகுதி 2043-இல்தான் வரும்.

இனி வி8 ஆசை. மசில் கார் என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்தது. நடுத்தர அளவு உடலில் பெரிய இன்ஜினைப் போட்டு 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் அந்த வம்சத்தின் மூத்த பிள்ளையாகச் சொல்வார்கள். அதன் இன்ஜின் 6.4 லிட்டர். நம் கான்டெஸா வேறு குடும்பம். பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனத்துக் காரின் அச்சுகளைக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை செய்தது. முதலில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1,489 சி.சி. இன்ஜின்; அவ்வளவு பெரிய உடலை இழுக்கத் திணறியது. பிறகு வந்த இசுசுவின் 1.8 லிட்டர், ஐந்து கியர், சுமார் 88 குதிரைத்திறன் கொண்ட கிளாசிக்தான் உங்களிடம் இருப்பது. நீண்ட பானெட்டும் அகன்ற உடலும் பார்த்து நம் ஊர் அதற்கு மசில் கார் என்று செல்லப்பெயர் வைத்தது. பெயர் பொருத்தம்தான். அதற்காக மூன்று மடங்கு பலத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது.

காரணம் அதன் உடற்கட்டு. பழைய ஜீப்பில் இருப்பதுபோல இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் கதவடி உத்தரமும் கூரையும் ஒன்றாக வெல்ட் செய்யப்பட்ட உடலே சட்டகம் (மானோகாக்). உங்கள் வண்டியின் தரையிலோ ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. அத்தனை முறுக்கை அந்தத் தரைதான் தாங்க வேண்டும். இன்ஜினோடு கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக், ரேடியேட்டர் எல்லாமே மாற வேண்டிவரும்.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும் வாய்ப்பும் உண்டு. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் துரு. வண்டிக்குள் விரித்திருக்கும் பாயைத் தூக்கிவிட்டுத் தரை, கதவடி உத்தரம், சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டிக்கு (பூச்சுக் களிம்பு) அடியில் தகடு இல்லாமல் இருக்கலாம். சென்னையின் உப்புக்காற்று உங்கள் ஊரில் இல்லாததால் மேலுடல் பெரும்பாலும் தப்பியிருக்கும். தரையில் கெடுதல் செய்வது பாய்க்கு அடியில் தேங்கும் மழைநீர். நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்ட் செய்ய வேண்டும். பட்டியும் ஃபைபரும் வைத்து மூடுவது புண்ணை மூடிக் கட்டுவதுபோல. இந்த ஒரு வேலையைக் கைதேர்ந்த டிங்கரிடம் விடுங்கள். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டாங்கையும் பேட்டரியையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது பிரேக். இன்ஜினுக்கு முன்பா என்று கேட்பீர்கள். ஆமாம், தம்பி. ஸ்டார்ட் ஆன வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப்பார்க்காமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வருடத்தில் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடித்திருக்கும். ரப்பர் ஹோஸ், வாஷர் கிட், ஆயில் எல்லாமே புதிது போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டயரில் கோடு நன்றாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2315 என்றால் 2015-இன் 23-ஆம் வாரம். அத்தனை பழைய டயர் ஷெட்டுக்குள் தள்ள மட்டுமே உதவும். இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை நுழையுங்கள்.

மூன்றாவது எரிபொருள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் இந்த இன்ஜின் ஓடும். பாதிக்கப்படுவது பழைய ரப்பர்தான். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் ஆகியவை இளகியோ வெடித்தோ கசியும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் (வைட்டான் வகை) என்று கேட்டு வாங்குங்கள். டாங்கைக் கழுவி, வடிகட்டியைப் புதிதாக்குங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். பெங்களூரின் மெல்லிய காற்றில் கார்பரேட்டர் சற்றுப் பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்கும். எத்தனாலோ கலவையைச் சற்று வறட்சியாக்கும். ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். சென்னைக்கு இறங்கினால் வறட்சிதான் மிஞ்சும். பிளக்கின் நிறமே சாட்சி: காப்பித்தூள் நிறம் சரி, கரி பிடித்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் போதவில்லை.

நான்காவதுதான் இன்ஜின். புது ஆயில், புது ஃபில்டர், புதுக் கூலன்ட். பிளக்கைப் போடாமல், காயில் வயரை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிறகே பிளக்கும் நெருப்பும். பக்கத்தில் தீயணைப்பு உருளை இருக்கட்டும்.

கான்டெஸாவுக்கென்றே பாகம் கேட்டு ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகரிலோ அலைந்தால் மனம் சோர்ந்துவிடும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். பேரிங்கின் பெயர் வண்டியில் இல்லை, அதன் மேல் பொறித்த எண்ணில் இருக்கிறது. 6204 என்றால் எந்த வண்டியிலும் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. ஆயில் சீலும் அப்படித்தான், அளவு சொன்னால் கிடைக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் ஆசைப்படி மாற்றுங்கள். பாயிண்ட் இருந்தால் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, நல்ல ஷாக் அப்சார்பர், கோர் மாற்றிய ரேடியேட்டர். ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாறாமலே வண்டியின் குணம் மாறுவதை உணர்வீர்கள்.

கெடுத்துவிடுவோமோ என்ற பயம் உங்களைவிட்டுப் போக வேண்டாம். அதுதான் உங்களை மெதுவாக வேலை செய்ய வைக்கும். கழற்றுமுன் படம் எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். அப்பாவின் நோட்டை முதலிலிருந்து படியுங்கள்; எந்த வருடம் கிளட்ச் மாற்றினார், எப்போது ஹெட் இறக்கினார் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது, அதில்தான் இருக்கும். அவர் விட்ட இடத்துக்கு அடுத்த வரியில், தேதியும் கிலோமீட்டரும் போட்டு நீங்கள் தொடருங்கள். உங்கள் கையெழுத்தில் வரும் முதல் வரி ‘ஸ்டார்ட் ஆனது’ என்று இருக்க வேண்டாம். ‘பிரேக் பிடித்தது’ என்று இருக்கட்டும்.