மாரத்தான் முடிந்த பின் எட்டு வாரங்கள்

ஜனவரியில் சென்னை மாரத்தானையோ மும்பை மாரத்தானையோ ஓடி முடித்தவர்கள் பலருக்கு பிப்ரவரி கஷ்டமான மாதம். 42.195 கி.மீ. ஓடிய கால்கள் தெருமுனை வரை போகவும் மறுக்கும். செவ்வாய் இன்டர்வல், வெள்ளி ஓய்வு, ஞாயிறு லாங் ரன் என்று நான்கைந்து மாதங்களாக ஒரு அட்டவணை நம்மை எழுப்பி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பந்தய நாளோடு அது முடிந்துவிடுகிறது. அதற்கு மறுநாளிலிருந்து என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. அரை மாரத்தான் ஓடியவர்கள் கீழே சொல்லும் காலத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம். அயர்ன்மேன் டிரையத்லான் முடித்தவர்கள் ஒன்றிரண்டு வாரம் கூட்டிக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்வோம். "ரெண்டு வாரம் ஓடாவிட்டால் எல்லாம் போய்விடும்" என்று ஓட்டக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். 1984-ல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், முதல் மூன்று வாரங்களில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. 84 நாட்களில் சுமார் 16 சதவீதம். முதலில் குறைவது பெரும்பாலும் ரத்தத்தின் அளவு. பயிற்சி தொடங்கியதும் அது சீக்கிரம் திரும்பிவிடும். அதனால் இரண்டு வார ஓய்வுக்குப் பயப்படத் தேவையில்லை. அந்த ஓய்வு கேட்பாரற்று மூன்று மாதமாக நீள்வதற்குத்தான் பயப்பட வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

மாடி ஏறுவதைவிட இறங்குவது அதிகம் வலிக்கும். தொடையின் முன்பக்கத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்கும்போதுதான் அதன் நார்கள் அதிகம் சேதமாகின்றன. பந்தயத்தில் ஆயிரக்கணக்கான காலடிகள் அப்படித்தான் விழுந்தன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வலி குறைவாக இருக்கும். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும்.

இந்த நாட்களில் காலையும் மாலையும் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் போதும். பசிக்கும்போதெல்லாம் சாப்பிடுங்கள். இட்லியோ சாதமோ, கூடவே முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று புரதமும் சேரட்டும். அழுத்தி மசாஜ் செய்வதைத் தள்ளிப் போடுங்கள். வலி மாத்திரை, முக்கியமாக இபுப்ரோஃபென் வகை, வேண்டாம். ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனாலோ, வாந்தியும் குழப்பமும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாம் வாரம் முடியும்வரை

நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மாரத்தானில் வெள்ளி வென்றவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்ற கணக்கை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். மாரத்தான் 26 மைல். ஆக 26 நாட்களுக்குப் பந்தயமும் வேண்டாம், கடும் பயிற்சியும் வேண்டாம். எனக்கு இது நியாயமான கணக்காகவே படுகிறது.

முதல் வாரம் ஓடவே வேண்டாம். இரண்டாம் வாரத்தில் நீச்சல், சைக்கிள், நடை என்று எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: விழிக்கும் நேரம். ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உடல் அந்த நேரத்திலேயே எழட்டும். ஷூ மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கடற்கரையோ பூங்காவோ தெருவோ, ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். ஓட்டத்தை விட்டவர்களில் பெரும்பாலோரிடம் முதலில் போனது அலாரம்தான் என்பதைப் பார்த்திருக்கிறேன். எட்டு மணி வரை தூங்கப் பழகிவிட்டால், நம்மூர் வெயிலில் அதற்குமேல் ஓட முடியாது. அந்த நாள் அப்படியே போய்விடும். போன ஃபிட்னஸைச் சில வாரங்களில் மீட்டுவிடலாம். போன விடியற்காலையை மீட்பது அதைவிடக் கடினம். தூக்கம் குறையக் கூடாது என்பதால் இரவு ஒன்பதரைக்குள் படுத்துவிடுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், 20 முதல் 30 நிமிடம் ஓடுங்கள். கணக்கு நிமிடத்தில்தான், கிலோமீட்டரில் இல்லை. கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது உத்தமம். டிசம்பரில் ஓடிய பேஸை ஸ்ட்ராவா செயலியில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த நேரத்தில் மனதை நொறுக்கும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

ஷூவைக் கட்டிய பிறகும் மனம் வரவில்லையா? பத்து நிமிடம் ஓடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கிளம்புங்கள். திரும்பத் தோன்றினால் திரும்பிவிடுங்கள், அதுவும் அன்றைய ஓட்டம்தான்.

பாதத்திலோ முன்காலிலோ ஓர் எலும்பில் விரலை வைத்து அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறதென்றால் ஓடாதீர்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக இருக்கலாம், மருத்துவர் பார்த்துவிடட்டும். ஓய்வுக்குப் பிறகும் களைப்பு தீராதவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றிருந்தால் அதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிட வேண்டாம். செலவழித்த அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடல் காட்டும் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து: கால்களுக்குப் பலம்

நம் ஓட்டக்காரர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். பந்தயத்துக்குத் தயாராகும் மாதங்களில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை, இப்போது கிடைத்திருக்கிறது. ஜிம் கட்டாயமில்லை. வாரம் இரண்டு நாள் போதும்.

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்துங்கள். பிறகு ஒரு காலை எடுத்துவிட்டு, மற்றக் காலால் மூன்று வரை எண்ணி மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். காலுக்குப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. கெண்டைச்சதையும் குதிகால் தசைநாணும் இதில்தான் உறுதியாகும். அடுத்து நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் இரு காலால் எழுந்து ஒரு காலால் உட்காருங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று தெரியும். சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனமாக இருக்கலாம். கடைசியாக, முன்பக்கமும் பக்கவாட்டிலும் பிளாங்க். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

ஓட்டம் இப்போது வாரம் நான்கு நாள் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மெல்ல 10, 12 கி.மீ. வரை கொண்டுபோங்கள். ஒரு நாள் மட்டும், ஈஸி ரன் முடிந்ததும் 20 விநாடி வேக ஓட்டம் நான்கைந்து. நடுவில் மூச்சு நன்றாகச் சீராகும்வரை நடை. இன்டர்வலுக்கு அவசரமில்லை.

மார்ச்சில் வெயிலும் புழுக்கமும் ஏறும்போது அதே உழைப்புக்குப் பேஸ் குறையும், இதயத் துடிப்பு ஏறும். ஃபிட்னஸ் போய்விட்டது என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்துக்குப் பழக உடலுக்குப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும்.

மனசுக்கு

பந்தயத்துக்குப் பின் வரும் வெறுமை சோம்பேறித்தனம் இல்லை. மாதக்கணக்கில் நாள்முழுக்க நினைத்துக்கொண்டிருந்த ஒன்று முடிந்துபோனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த வெறுமையைப் போக்க, சிலர் பந்தயம் முடிந்த அன்று மாலையே அடுத்த மாரத்தானுக்குப் பணம் கட்டுவார்கள். என் கருத்தில் அது வேண்டாம். நான்கு வாரம் எதற்கும் பதிவு செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் உங்கள் குழுவோடு ஒட்டிக்கொண்டிருங்கள். ஓடாவிட்டாலும் காலையில் போய் நில்லுங்கள், ஓட்டத்துக்குப் பின் காப்பிக்கு உட்காருங்கள். முதல் 10 கி.மீ.க்குத் தயாராகும் ஒருவரோடு அவர் வேகத்தில் ஓடுங்கள். அடுத்த பந்தயத்தில் எய்ட் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் கொடுங்கள். நான்கு மாதம் ஞாயிறுகளை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் சில ஞாயிறுகள் தர வேண்டியிருக்கிறது, அதையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையிலும் பேச்சிலும் பிடிப்பு போனால் மருத்துவரிடம் பேசுங்கள்.

எட்டாம் வார ஞாயிறு

ஒரு சின்னச் சோதனை. பேசிக்கொண்டே 10 கி.மீ. ஓடுங்கள். மறுநாள் காலை மாடியில் வலியில்லாமல் இறங்க முடிகிறதா, காலை நேர இதயத் துடிப்பு வழக்கமான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் இலக்கு வைக்கலாம். முதல் இலக்கு குறுகிய தூரமாக இருக்கட்டும். பெங்களூரில் ஏப்ரல், மே வாக்கில் நடக்கும் வேர்ல்ட் 10கே, ஜனவரியில் மாரத்தான் ஓடியவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வேகப் பயிற்சி புதிதாக இருப்பதால் சலிப்பும் தட்டாது. ஆகஸ்டில் ஹைதராபாத் மாரத்தான் வருகிறது, அதைப் பற்றி மே மாதம் யோசித்தால் போதும். சோதனையில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், ஐந்தாம் வாரத்தின் அளவுக்குத் திரும்பி இன்னும் இரண்டு வாரம் ஓடிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள்.