நாலெல்லை இல்லாத வீடு

முதுகுளத்தூர்,
மாசி மாதம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

சென்னையில் வாங்கப் பார்க்கிற அடுக்குமாடி வீடு என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை உன் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பத்தாம் மாடியிலிருந்து தெரிகிற அந்தி வானம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் தேடிய ஒரு காகிதம் மட்டும் அதில் இல்லை. போனில் சொன்னால் "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் கைப்பட எழுதுகிறேன். களத்தில் முண்டு மிளகாய் காய்கிறது. காவலுக்கு உட்கார்ந்திருப்பவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் 31 வருஷம் பத்திரம் எழுதியவன் நான். புஞ்சை, பனைமரம், கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று எதை எழுதினாலும் கடைசியில் வந்து நிற்பது நாலெல்லைதான். கிழக்கே இன்னார் கொல்லை, மேற்கே வண்டிப்பாதை என்று எழுதி முடித்தால்தான் பேனாவை மூட மனம் வரும். அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் மொத்த மனைக்கும் நாலெல்லை இருக்கும். உன் பங்குக்கு "பிரிக்கப்படாத பாகம் இத்தனை சதுர அடி" என்று ஒரே வரிதான். யுடிஎஸ் என்கிறார்களே, அது. நான் தேடியது அந்த வரியைத்தான்.

அவர்கள் உன்னிடம் சொல்வது 1,100 சதுர அடி. அதில் மாடிப்படி, லிப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உன் தலைக்கு வந்த பங்கு அடக்கம். 2016-ல் வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவைத்தான் கணக்காகச் சொல்ல வேண்டும் என்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் போக, நீ நடமாடுகிற தரை அது. அதைக் கேள். கேட்ட பிறகு நிலத்துக்கு வா. இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு கட்டினால் ஆளுக்கு 600 சதுர அடி மண். நம் கணக்கில் ஒன்றேகால் சென்டுக்கு மேல். வானளாவக் கட்டிய இடத்தில் 200 சதுர அடி வந்தால் அரை சென்டுகூட இல்லை, நம் மாட்டுக் கொட்டகை அதைவிடப் பெரிது. சிமென்டுக்கு வயசு உண்டு தாயி, மண்ணுக்குக் கிடையாது. நாற்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது, உன் கையில் இருக்கிற பேரம் அந்த மண்பங்குதான். நீச்சல் குளத்தை எந்தப் பத்திரத்திலும் பங்கு போட்டு எழுத முடியாது.

இனி தண்ணீர். பெரும்பாக்கம் பக்கம் என்று எழுதியிருந்தாய். கண்மாய்க்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற இடத்தில் விதைத்தவன் மழை பெய்தால் மகசூலை மறந்துவிட வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை சதுப்புதான் பெரிய உள்வாய். சுற்றியுள்ள ஏரிகளின் மிச்சத் தண்ணீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். 2022-ல் அந்தச் சதுப்புக்கு, காக்க வேண்டிய ஈரநிலம் என்று ராம்சர் அங்கீகாரம் கொடுத்தார்கள். அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் வீடுகளுக்குள் படகு போனதை டிவியில் பார்த்தோமே. அது தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. நீ போய்ப் பார்க்கிற அன்று தரகரிடம் கேட்காதே. தெருமுனை டீக்கடையில் கேள், 2015-ல் தண்ணீர் எங்கே நின்றது என்று. சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

வெள்ளத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, அந்தப் பக்கமெல்லாம் லாரித் தண்ணீரில் காலம் தள்ளினார்கள். குழாய்க்குக் காவிரித் தண்ணீர் வருகிறது என்று சொன்ன பிறகும் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் போகிற ஊர்க்காரி நீ. 60 லட்சம் கொடுத்து அதே குடத்தை லிப்டில் ஏற்றாதே. குடிநீர் வாரிய இணைப்பா, போர்வெல்லா, லாரியா, மாதப் பராமரிப்பில் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது, எழுத்தில் வாங்கு.

நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டுகிற தாய்ப் பத்திரத்துக்கு வருகிறேன். இதில் என் பாவம் ஒன்று இருக்கிறது. ஒருவர் தானாகச் சம்பாதித்த நிலம். உயில் இல்லாமல் இறந்துபோனார். இரண்டு மகன்கள் விற்றார்கள், நான் எழுதினேன். மூன்று மகள்களின் கையெழுத்தைக் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களா வரப்போகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். 1956-லிருந்தே அந்தப் பெண்களுக்கும் சமபங்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். வாங்கியவர் வீடு கட்டி முடித்ததும் நோட்டீஸ் வந்தது. இரண்டாம் தடவை பணம் கொடுத்துத்தான் அவர் மீண்டார். இன்றைக்கும் கடைவீதியில் அவரைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

அதனால் சொல்கிறேன், 30 வருஷ வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்பு. பதிவானது மட்டுமே அதில் தெரியும். பதிவாகாத அக்கா தங்கச்சி அதில் தெரியமாட்டாள். நிலத்துக்காரர் பில்டருக்குப் பவர் கொடுத்திருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார். பேங்க்காரன் கடன் கொடுத்துவிட்டான், அப்புறம் என்ன என்று கேட்பாய். அவன் வக்கீல் அவனுக்காகப் பார்க்கிறார். நீ உனக்கென்று ஒரு வக்கீலுக்குப் பணம் கொடு.

பணக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 60 லட்சத்துக்கு பேங்க் 80 சதவீதம், அதாவது 48 லட்சத்துக்கு மேல் தரக்கூடாது. கைக்காசு 12 லட்சம். புது அடுக்குமாடி என்றால் முத்திரையும் பதிவும் சேர்த்து 7 சதவீதம், 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டிக்கொண்டிருக்கிற கட்டடமானால் ஜிஎஸ்டி 5 சதவீதம், இன்னும் 3 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வாங்கி முடித்த வீட்டுக்கு இது கிடையாது. 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்குக் கட்டினால் மாதம் 41,650 ரூபாய்க்குக் குறையாது. முடிக்கும்போது ஒரு கோடி கட்டியிருப்பாய். உன் சம்பளம் உனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

"இன்றைக்கே டோக்கன் போட்டால் இரண்டு லட்சம் தள்ளுபடி" என்பார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவது ரெரா சட்டப்படி தப்பு. திட்டத்தின் ரெரா எண்ணை இணையத்தில் போட்டுப் பார், ஒப்படைக்கும் தேதி அதில் இருக்கும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் அவர்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு.

2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனார்கள். பெரும்பாலும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்த கட்டட வேலையாட்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்து இறக்கினார்கள். பயமுறுத்த எழுதவில்லை. மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறவளைப் பார்த்து விற்பனைப் பையன் சிரித்தால், இதை நினைத்துக்கொள்.

என் அபிப்பிராயம் கேட்டால், எட்டு பத்து வீடு உள்ள, கட்டி முடித்த, சின்னக் கட்டடம் பார். வாங்குவதும் வேண்டாமென்பதும் உன் இஷ்டம். உன் அப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தாய்ப் பத்திர நகல், வில்லங்கம், பட்டா, சிஎம்டிஏ அனுமதி வரைபடம் நாலையும் கூரியரில் அனுப்பு. போனில் வேண்டாம். போன மாதம் கண்ணாடி மாற்றினேன், சின்ன எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
பெரியப்பா.